திட்டு வாங்காத தாடி

துக்க வாரம் முடிந்ததும், யூத வழக்கப்படி வீட்டுக் கண்ணாடிகளை மூடியிருந்த துணிகளை யோனா எடுத்து மடித்து வைத்தான். குளியலறைக் கண்ணாடியில் போட்டிருந்ததை மட்டும் எடுக்கவில்லை. முதலில் மறந்துதான் போனான். பிறகு நினைவு வந்தபோது, இருக்கட்டும் என்று விட்டுவிட்டான். ஷேவ் செய்யக்கூடாதவனுக்குக் கண்ணாடி எதற்கு?

அப்பா லேபல் கிராவெட்ஸ் ஜனவரி நடுவில் இறந்தார். கனடாவின் வின்னிபெக்கில் அந்த மாதத்தில் தினமும் யார் வீட்டிலாவது வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் நின்றுபோகும். அதைப் பழுதுபார்க்கும் அவருக்கு மூச்சுவிட நேரமிருக்காது. அன்று ஒரு வீட்டில் வேலையை முடித்துவிட்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தவர் வண்டியை எடுக்கவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே நல்ல சூடு. யாருடனோ போனில் பேசுகிறார் என்று நினைத்து அந்த வீட்டுக்காரம்மா ஜன்னல் வழியாக வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

யோனாவுக்கு முப்பத்து மூன்று வயது. மருத்துவக் கல்லூரியில் கடைசி வருஷம். பள்ளி முடித்ததும் அப்பாவோடு சேர்ந்து எட்டுக் குளிர்காலம் ஃபர்னஸ் வேலை பார்த்துவிட்டுத்தான் படிக்கப் போனான். அதனால் வகுப்பில் எல்லோரையும்விட மூத்தவன். பழைய சிநேகிதர்கள் கல்யாணமாகி, குழந்தை குட்டியாகி, டொரன்டோவுக்கும் வான்கூவருக்கும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அம்மா அவன் சின்னப் பையனாக இருந்தபோதே அப்பாவை விட்டுப் பிரிந்து கால்கரியில் வேறு குடும்பத்தோடு இருந்தாள். வீட்டில் இருந்தது இரண்டே பேர். இப்போது ஒருவன்.

லேபல் மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. "தடியா, அந்த ஸ்பானரை எடு. அது இல்ல, கண்ணு எங்க இருக்கு?" என்பார். மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்த அன்று, "சரிதான். இத்தனை நாள் மெஷினைக் கெடுத்தே, இனிமே மனுஷனைக் கெடு" என்றார். சொல்லிவிட்டு அன்று முழுவதும் போகிற வீட்டிலெல்லாம் அதைத் தம்பட்டம் அடித்தார். போன இலையுதிர் காலத்தில், கடைசி வருஷத்தில் ஆறு வாரம் வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் பயிற்சி எடுக்கலாம், நான் லெசோதோவுக்கு எழுதிப்போட்டிருக்கிறேன் என்று யோனா சொன்னபோது, அவர் சூப்பை உறிஞ்சிக்கொண்டே கேட்டார்.

"அது எங்க இருக்கு?"

"தென் ஆப்பிரிக்காவுக்கு நடுவுல. மலை நாடு. காசநோய் ரொம்ப அதிகம். காசநோய் வார்டுலதான் வேலை."

"குளிருமா?"

"நாங்க போற சமயம் அங்க குளிர்காலம் ஆரம்பிக்கும். பனிகூடப் பெய்யும்னு சொல்றாங்க."

"இங்க பனி பத்தலயா உனக்கு? முட்டாப்பயலே. வெயிலு அடிக்கற ஊரா பாத்துப் போகத் தெரியல."

அப்படித் திட்டித்தான் பேசிக்கொள்வார்கள். மருத்துவமனையிலிருந்து களைத்து வரும் மகனுக்கு அவர் சொல்லும் முதல் வார்த்தை, "ஏன்டா, செருப்பைக் கழட்டி வைக்க உனக்குத் தனியா ஆள் வைக்கணுமா?" என்பதுதான். அது இல்லாமல் வீட்டுக்குள் நுழைந்து யோனாவுக்குப் பழக்கமில்லை. இப்போது பழகிக்கொண்டிருந்தான்.

தாடியைப் பற்றிய விதி அவனுக்கு நன்றாகத் தெரியும். உறவில் வேறு யார் இறந்தாலும் முப்பது நாள் முடி எடுக்கக் கூடாது. பெற்றவர் இறந்தால் அது போதாது. முப்பது நாளுக்குப் பிறகும் வளர விட வேண்டும், பார்க்கச் சகிக்காமல் சிநேகிதர்கள் திட்டும்வரை. அவர்கள் திட்டினால்தான் எடுக்கலாம். தானாக எடுக்கக் கூடாது.

இதை அவன் எந்தப் புத்தகத்திலும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. அவனுடைய தாத்தா இறந்தபோது தனக்கு நடந்ததை லேபல் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். முப்பத்தோராம் நாள் காலையில் பட்டறையில் அவரோடு வேலை செய்த மூன்று பேர் வாசலில் வந்து நின்றார்களாம். "லேபல், உன்னைப் பாத்து என் குழந்தை ராத்திரி பூரா அழுவுதுடா." "நாயே, உன் மேல பூச்சி ஊருது." "நீ இப்பிடி வந்தா நாளைலேருந்து எவன் கதவைத் திறப்பான்?" என்று ஆளுக்கொன்று சொல்லிவிட்டு, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் முடிதிருத்தும் நாற்காலியில் உட்கார வைத்தார்களாம். அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் லேபல் கண்ணில் நீர் வரச் சிரிப்பார். "சிநேகிதன்னா அவனுங்க" என்பார்.

பிப்ரவரியில் முப்பது நாள் முடிந்தது. முப்பத்தோராம் நாள் யோனா வழக்கம்போல வார்டுக்குப் போனான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை.

அவர்கள் சொல்லாததற்குக் காரணம் இருந்தது. வெளிநாட்டுப் பயிற்சிக்குப் போகும் மாணவர்களுக்கு அந்த மாதம் வாரம் ஒரு வகுப்பு நடந்தது. டைஃபாய்டு ஊசி, வெறிநாய்க்கடி ஊசி, தவறி நோயாளியின் ஊசி குத்திவிட்டால் விழுங்க வேண்டிய மாத்திரைகள், மலையேறும்போது வரும் தலைவலி என்று எல்லாவற்றையும் பற்றிப் பேசினார்கள். ஒரு முழு மதியம் மரியாதையைப் பற்றி. அடுத்தவர் உடையைப் பற்றிக் கருத்துச் சொல்லாதீர்கள், முடியைப் பற்றிச் சொல்லாதீர்கள், சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாதீர்கள். கேட்டவர்கள் நல்ல பிள்ளைகள். குறிப்பெடுத்துக்கொண்டார்கள். எடுத்த கையோடு யோனாவின் தாடியிலேயே அதைப் பழகிப் பார்த்தார்கள்.

லெசோதோவுக்கு அவனோடு போக இருந்தவள் ரியாலின். இருபத்து நான்கு வயது. பெற்றோர் பிலிப்பைன்ஸிலிருந்து வந்தவர்கள். வயதில் மூத்தவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட அவர்கள் வீட்டில் விடமாட்டார்கள். வகுப்பிலேயே அவனை அண்ணா என்று கூப்பிடுகிறவள் அவள் ஒருத்திதான். முதல் வருஷத்தில் ஊசி போடப் பழகும்போது அவள் ஊசியும் கையுமாகத் தயங்கி நிற்க, யோனா தன் கையை நீட்டி, "குத்து. எங்கப்பா என் கைல வெல்டிங் பண்ணியிருக்காரு, இது ஒண்ணுமில்ல" என்றான். அன்றிலிருந்து அவனோடு ஒட்டிக்கொண்டாள். அவளே தாடியைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு நல்லாத்தான் இருக்கு அண்ணா" என்று சொல்லிவிட்டாள்.

நல்லாயிருக்கு என்பது கணக்கில் சேராது.

யோனா ஊருக்கு அந்தப் பக்கம் இருந்த யூத மதகுரு ஒருவரிடம், ஒரு ரபியிடம், போனில் கேட்டுப் பார்த்தான். மாஸ்க் போட வேண்டிய வேலை, தாடி இருந்தால் பொருந்தாது என்று விளக்கினான். ரபி நல்ல மனிதர். "வேலைக்குத் தேவைன்னா எடுத்துக்கலாம்ப்பா. ஒரு தடையும் இல்ல" என்றார். யோனா நன்றி சொல்லி வைத்துவிட்டான். அனுமதி கிடைத்தது. திட்டு கிடைக்கவில்லை. அனுமதியை வைத்துக்கொண்டு ஷேவ் செய்தால், உலகத்தில் தன்னைத் திட்ட ஒரு ஆள் இல்லை என்பதைத் தானே எழுதிக் கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகிவிடும் என்று அவனுக்குப் பட்டது. வாய் திறந்து கேட்கவும் முடியாது. கேட்டு வாங்கினால் அது திட்டா?

மார்ச் கடைசியில் மாஸ்க் பரிசோதனை வந்தது. அதில் தேறாமல் காசநோய் வார்டுக்கு அனுப்பமாட்டார்கள்.

பரிசோதனை செய்பவள் ஒரீசியா என்ற உக்ரேனியப் பெண்மணி. ஜன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்து காலையிலிருந்து மாலைவரை ஜனங்களின் தலையில் வெள்ளை உறையை மாட்டிக்கொண்டிருப்பாள். உறைக்குள் கசப்பு மருந்தைத் தெளிப்பாள். மாஸ்க் முகத்தோடு ஒட்டியிருந்தால் நாக்கில் ஒன்றும் தெரியாது. எங்காவது இடுக்கு இருந்தால் கசக்கும்.

அவள் அவனைப் பார்த்ததும் பேனாவை வைத்துவிட்டாள்.

"தாடியோட பண்ணக் கூடாதுங்க. உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும். ஒரு தடவை போட்டுப் பாக்கலாமே."

"பாத்தா மட்டும் என்ன ஆகப் போவுது?" என்றாலும் மாட்டிவிட்டாள். ஒரு அட்டையைக் கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னாள். யோனா இரண்டு வரி படிப்பதற்குள் தொண்டைவரை கசந்தது. முகத்தைச் சுளித்தான். அவள் உறையைக் கழற்றினாள். குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள்.

"தாடி மதத்துக்காகவா?"

அவன் கொஞ்சம் யோசித்தான். இறந்த அப்பா, முப்பது நாள், சிநேகிதர்கள் என்று ஆரம்பிக்க வேண்டும். வெளியே வரிசையில் ஆட்கள் காத்திருந்தார்கள்.

"ஆமா. ஒரு விதத்துல" என்றான்.

"அப்ப சரி" என்று அவள் மரியாதையோடு தலையை ஆட்டி, எதையோ குறித்துக்கொண்டாள்.

அந்த ஒரு விதத்தின் பலன் இரண்டு நாளில் தெரிந்தது. வெளிநாட்டுப் பயிற்சி அலுவலகத்திலிருந்து ஜிஸெல் என்ற பெண்மணி மெயில் அனுப்பியிருந்தாள். அவனுடைய நம்பிக்கையை அவர்கள் மிகவும் மதிக்கிறார்கள். தாடியோடு போடக்கூடிய மோட்டார் வைத்த முகமூடி இங்கே உண்டு, லெசோதோ ஆஸ்பத்திரியில் கிடையாது. ஆகவே அவன் மனம் புண்படாதபடி இங்கேயே, நகரத்துத் தோல் நோய்ப் பிரிவில், அவனுக்கு இடம் பார்த்திருக்கிறார்கள். மலைக்கு அவனுக்குப் பதில் வேறொரு மாணவனை அனுப்புவார்கள். அவன் முடிவை மாற்றிக்கொள்ள விரும்பினால், விரும்பினால் மட்டும், வெள்ளிக்கிழமைக்குள் மறுபடி பரிசோதனைக்கு வரலாம்.

இவ்வளவு பண்பான கடிதத்தை யோனா வாழ்க்கையில் வாங்கியதில்லை. அப்பா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்துப் பார்த்தான். போனை மூடி வைத்தான்.

அன்று மதியம் உணவுக்கூடத்தில் ரியாலின் எதிரே வந்து உட்கார்ந்தாள். தட்டில் எதையும் தொடவில்லை. செய்தி அவளுக்கும் வந்திருந்தது. லெசோதோ மக்களின் பாஷையில் வணக்கம் சொல்ல அவள் ஒரு மாதமாகப் பழகிக்கொண்டிருந்தாள். பெட்டி வாங்கியாயிற்று, அம்மா கொடுத்த கம்பளிக் காலுறைகளைக்கூட எடுத்து வைத்தாயிற்று.

"வேற ஒருத்தனைப் போடறாங்களாமே" என்றாள்.

"ஆமா."

"அவன் எனக்கு முன்னபின்ன பழக்கமே இல்ல."

யோனா சூப்பைக் கலக்கினான்.

"அண்ணா, ஒண்ணு சொல்லட்டா? தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?"

யோனா கரண்டியை வைத்தான். "சொல்லு."

"எப்படிச் சொல்றதுன்னு தெரியல. உங்க தாடி..."

"சொல்லு, பரவால்ல."

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். வாய் ஒரு தடவை திறந்து மூடியது. அவள் கண்ணில் கோபம் வந்து நின்றதை அவன் தெளிவாகப் பார்த்தான். பிறகு அது போய்விட்டது.

"தாடியில சூப் ஒட்டியிருக்கு" என்று காகிதக் கைக்குட்டையை நீட்டினாள். "சாரி. நான் ஏதும் தப்பா சொல்லிடலயே?"

"இல்ல. தாங்க்ஸ்" என்று யோனா துடைத்துக்கொண்டான்.

வாரத்தில் ஏழு நாளும் காலையில் அவன் போகிற இடம் ஒன்றுதான் மிச்சமிருந்தது. ஊரின் வடக்கு முனையில் இருந்த பழைய யூத ஜெபக்கூடம். ஒரு காலத்தில் நிற்க இடம் இருக்காதாம். இப்போது ஒன்பது கிழவர்கள். இறந்தவருக்காக மகன் சொல்ல வேண்டிய கதீஷ் பிரார்த்தனையைத் தனியாகச் சொல்ல முடியாது. பத்து ஆண்கள் கூடி நின்றால்தான் சொல்லலாம். லேபல் இருந்தவரை அவர்தான் பத்தாவது ஆள். இப்போது யோனா.

ஆட்களை எண்ணிச் சேர்ப்பது ஸெலிக்கின் பொறுப்பு. எண்பது வயது. ரொட்டி வேன் ஓட்டியவன். லேபலோடு நாற்பது வருஷம் ஓயாமல் சண்டை போட்டவன். எதற்கு என்று இரண்டு பேருக்குமே தெரியாது. மனிதரை நேராக எண்ணினால் கண்பட்டுவிடும் என்று அங்கே ஒரு பழக்கம். அதனால் ஸெலிக் ஒவ்வொரு தலையாகக் கைகாட்டி, "ஒண்ணு இல்ல, ரெண்டு இல்ல, மூணு இல்ல" என்று போவான். யோனாவிடம் வந்ததும் "பத்து இல்ல" என்று முடித்துப் புத்தகத்தைத் தட்டுவான். ஆள் குறைந்த நாட்களில் வாசலில் நின்று தெருவில் போகிற வருகிறவர்களை மறித்து, "நீங்க யூதரா?" என்று கேட்பான். போலீஸ்காரனைக்கூடக் கேட்டிருக்கிறான்.

அங்கேயும் தாடியைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை. அதுதான் யோனாவுக்கு எல்லாவற்றையும்விட உறைத்தது. கல்லூரிப் பிள்ளைகளுக்கு விதி தெரியாது. இவர்களுக்குத் தெரியும். ஒவ்வொருவனும் தன் அப்பனுக்காகத் தாடி வளர்த்துத் திட்டு வாங்கியவன். ஒருவரையொருவர் திட்டுவதைத் தவிர இவர்களுக்கு வேறு பொழுதுபோக்கே கிடையாது. மோட்டல் என்ற கிழவனின் பல்செட்டைப் பற்றித் தினம் ஒரு பேச்சு நடக்கும். யோனாவின் முகத்துக்கு வந்ததும் எல்லோரும் புத்தகத்தைப் பார்த்தார்கள். அவர்களுக்குத் தான் லேபலின் மகன் என்பதைத் தவிர வேறொன்றும் இல்லை என்று அவன் முடிவு கட்டிக்கொண்டான்.

வியாழக்கிழமை காலை அவன் போனபோது கிழவர்கள் கோட்டு, தொப்பியோடு உட்கார்ந்திருந்தார்கள். வாயிலிருந்து ஆவி வந்தது. கட்டடத்தைச் சூடாக்கும் பாய்லர் நின்றுவிட்டது.

"உங்கப்பன் போனதும் இதுவும் போயிடுச்சு" என்றான் ஸெலிக். "கீழ வந்து பாரு."

நிலவறையில் ஸெலிக் டார்ச்சைப் பிடிக்க, யோனா மண்டியிட்டுப் பார்த்தான். எரிவாயு வந்தது. பற்றவைத்தால் சின்னச் சுடர் எரிந்தது. கையை எடுத்ததும் அணைந்தது. சுடரில் முனை நீட்டி நிற்கும் செம்புக் குச்சி கெட்டுப்போயிருந்தது. சுடர் எரிகிறதா என்று அதுதான் வால்வுக்குச் சொல்ல வேண்டும். அது சொல்லாவிட்டால், நெருப்பு இருந்தும் இல்லை என்று நினைத்து வால்வு மூடிக்கொள்ளும்.

"புதுசு வாங்கணுமா?" என்றான் ஸெலிக்.

யோனா பாய்லருக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினான். அப்பா தான் பார்த்துக்கொள்ளும் எந்த மெஷினிலும், அடுத்து கெடப்போகிற பாகத்தை முன்கூட்டியே வாங்கி, கறுப்பு டேப் போட்டுப் பின்பக்கக் குழாயில் ஒட்டிவைப்பார். கை அதில் பட்டது. டேப்பைப் பிரித்தான். ஒரு நிமிஷம் அப்படியே உட்கார்ந்திருந்தான்.

"என்னடா?"

"ஒண்ணுமில்ல. டார்ச்சை நேராப் புடிங்க."

பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டினான். சுடர் நின்றது. பெரிய நெருப்பு குப்பென்று பிடித்தது. மேலே குழாய்கள் சடசடவென்று சத்தம் போட ஆரம்பித்தன.

"நீ எப்ப கிளம்பற?" என்றான் ஸெலிக், டார்ச்சை அணைத்துக்கொண்டே.

"எங்க?"

"எங்கயா? அந்த மலைக்குத்தான்."

"போகலைன்னு நினைக்கிறேன். தாடியோட மாஸ்க் பொருந்தல. நாளைக்குள்ள சரி பண்ணலேன்னா வேற ஆளை அனுப்பறாங்க."

ஸெலிக் எதையோ சொல்ல வந்து நிறுத்தினான். படியேறும்போது ஒவ்வொரு படியிலும் நின்று மூச்சு வாங்கினான்.

பிரார்த்தனை நடந்தது. யோனா எழுந்து நின்று கதீஷ் சொன்னான், ஒன்பது பேரும் ஆமென் சொன்னார்கள். முடிந்ததும் பின் அறையில் வழக்கம்போல ஊறுகாய் மீன், காய்ந்த கேக், விரலளவுக் கோப்பைகளில் விஸ்கி. ஸெலிக் விஷயத்தைச் சொன்னான். மோட்டல் கிழவன் முகம் மலர்ந்தது.

"நல்லதாப் போச்சு. அங்க போய் என்ன கிழிக்கப் போறான்? அந்த ஆறு வாரமும் பத்துக்குக் கவலை இல்ல. பாய்லருக்கும் ஆள் ஆச்சு." யோனாவின் தோளைத் தட்டினான். "இருடா கண்ணு. தாடியும் ராஜா மாதிரி இருக்கு."

ஸெலிக் கோப்பையை மேசையில் வைத்தான். விஸ்கி தளும்பியது.

"வாயை மூடு மோட்டல்."

"நான் என்ன சொல்லிட்டேன்?"

"ராஜாவாம் ராஜா. செத்த ஆட்டை ஆத்துலேருந்து இழுத்துப் போட்ட மாதிரி இருக்கான்." யோனாவின் பக்கம் திரும்பினான். "டேய், உன்னைத்தான். கண்ணாடி பாக்கறியா இல்லையா? அதுல போன வாரத்து மீன் இன்னும் இருக்கு. இந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு டாக்டராம். உன்னைப் பாத்தா வியாதிக்காரன் எழுந்து ஓடிடுவான், அதான் உன் வைத்தியம்."

யோனா கேக் துண்டைக் கையில் பிடித்தபடி நின்றான்.

"ஸெலிக், நாம பேசி வச்சது என்ன?" என்று மோட்டல் மெதுவாகச் சொன்னான்.

"பேசினோம். நானே சொல்லிடறேன் அவன்கிட்ட." ஸெலிக்கின் குரல் இறங்கியது. "முப்பத்தோராம் நாளே பாருக் உன்னைத் திட்டறேன்னு எழுந்தான்டா. நான்தான் கோட்டைப் புடிச்சு உக்கார வச்சேன். திட்டினா எடுத்துடுவான், எடுத்தா போயிடுவான், போனா நாம ஒன்பதுன்னேன். எல்லாரும் வாயைப் பொத்திக்கிட்டு இருக்கறதுன்னு முடிவு பண்ணோம். உங்கப்பன் இதே மேசைல உக்காந்து லெசோதோ லெசோதோன்னு மூணு மாசம் எங்க பிராணனை வாங்கினான். எங்கடா இருக்குன்னு கேட்டா அந்த மடையனுக்குச் சொல்லத் தெரியல. கையை இப்பிடி மேல தூக்கிக் காட்டுவான், மலை, மலைன்னு. இப்ப நான் அவன்கிட்ட போய் என்ன சொல்ல? உன் பையனை ஆளுக்கணக்குக்காகக் கட்டிப் போட்டு வச்சிருக்கேன்னு சொல்லட்டா?"

"நீங்க..." என்று யோனா ஆரம்பித்தான். கேக் துண்டை மேசையில் வைத்தான். "சிநேகிதங்கதான் திட்டணும்."

"வேற எவன் இருக்கான் உனக்கு? தினம் காலைல ஏழு மணிக்கு உன் மூஞ்சியைச் சகிச்சுக்கறவன் எவன்? போடா. போய்ச் செரைச்சுட்டு வா. அசிங்கம் புடிச்சவனே."

அதற்குள் பாருக் எழுந்துவிட்டான். ஒரு மாதத்துக்கு மேல் அடக்கி வைத்திருந்தவன். "பாத்திரம் தேய்க்கற நார் இதைவிட நல்லா இருக்கும்" என்றான். அப்புறம் ஒவ்வொருவரும் ஆரம்பித்தார்கள். அந்தத் தாடியில் எலி குட்டி போட்டிருக்கும் என்றான் ஒருவன். உள்ளே தேடினால் தன்னுடைய தொலைந்த கண்ணாடி கிடைக்கும் என்றான் இன்னொருவன். ஒருவன் சொன்னதைவிட மோசமாக அடுத்தவன் சொல்ல வேண்டுமென்று போட்டி. கடைசியில் மோட்டலும் பல்செட்டை அழுத்திக்கொண்டு, "எனக்கு முதல்லேருந்தே பிடிக்கல. குமட்டிக்கிட்டு வந்துச்சு" என்றான்.

யோனா சிரித்தான். ஜனவரிக்குப் பிறகு முதல் தடவை. அது எப்போது அழுகையாக மாறியது என்று அவனுக்குத் தெரியவில்லை. கிழவர்கள் அதைக் கண்டுகொள்ளாமல் திட்டிக்கொண்டேயிருந்தார்கள்.

சத்தம் அடங்கி, கிளம்பும்போது வாசலில் அவன் ஸெலிக்கிடம் கேட்டான்.

"கதீஷ்? அங்க பத்துப் பேர் இல்ல. யூதனே ஒருத்தன் இருப்பானான்னு தெரியல."

"உனக்குப் பதிலா நான் சொல்றேன்."

"நீங்க ஒன்பது பேர்தானே."

ஸெலிக் தெருவைப் பார்த்தான். "பத்து சேர்ந்தா சொல்றேன்" என்றான்.

யோனா வீட்டுக்கு வந்து குளியலறைக் கண்ணாடியின் துணியை எடுத்தான். முதலில் கத்தரியால் வெட்டி, பிறகு ஷேவ் செய்தான். முடி சாக்கடைத் துளையை அடைத்துக்கொண்டது. தடியா, குழாயை அடைக்காதே என்று யாரும் சொல்லவில்லை. அவனே குனிந்து விரலால் வழித்தெடுத்துக் குப்பையில் போட்டான். துணியை மற்ற துணிகளோடு மடித்து வைத்தான்.

வெள்ளிக்கிழமை ஒரீசியா அவனை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. பெயரைப் பார்த்த பிறகுதான் நிமிர்ந்தாள்.

"எடுத்துட்டீங்களே. யாராவது ஏதாவது சொன்னாங்களா?" அவள் முகத்தில் நிஜமான கவலை. "அப்படிச் சொல்லியிருந்தா நீங்க புகார் கொடுக்கலாம்."

"சொன்னாங்க" என்றான் யோனா. "ஒன்பது பேர்."

அவள் தலையில் உறையை மாட்டினாள். அட்டையைத் தேடினாள், அகப்படவில்லை. "ஏதாவது பேசுங்க. எதுன்னாலும் சரி, வாய் அசையணும்" என்று மருந்தைத் தெளித்தாள். அவனுக்குப் பேச ஒன்றும் தோன்றவில்லை. வாய் திறந்ததும், தினமும் சொல்லிச் சொல்லி நாக்கில் ஏறிய வார்த்தைகள் தாமாகவே வந்தன. பாதியில் நினைவு வந்தது. இதைச் சொல்லக் கூடாது, இங்கே பத்துப் பேர் இல்லை. நிறுத்தினால் பரிசோதனை கெட்டுவிடும். வெள்ளை உறைக்குள், தன் மூச்சுச் சத்தத்தோடு, மெதுவாகச் சொல்லி முடித்தான். ஆமென் வரவேண்டிய இடங்களில் கொஞ்சம் நிறுத்தினான். மருந்துக் குப்பி உஸ் என்றது.

"கசக்குதா?"

"இல்ல."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

நாக்கைச் சுழற்றிப் பார்த்தான். "ஒண்ணுமே தெரியல."

ரியாலினுக்குச் செய்தி அனுப்பினான். அவள் ஒரு வரி திருப்பி அனுப்பினாள்: "முன்னாடியே எடுத்திருக்கலாம்ல, கொடுமையா இருந்துச்சு." யோனா அதை இரண்டு தடவை படித்தான். தாமதமாக வந்தாலும் கணக்கில் சேரும் என்று நினைத்துக்கொண்டான்.

ஏப்ரலில் கிளம்பும் நாளன்று விமானம் காலையில். ஜெபக்கூடத்துக்குப் போக நேரமில்லை. பெட்டியை டாக்ஸியில் ஏற்றி, கொஞ்சம் சுற்றாக இருந்தாலும் அந்தத் தெரு வழியாகப் போகச் சொன்னான். பனி உருகி ஓரங்களில் கறுப்பாகக் குவிந்திருந்தது. தூரத்திலேயே புகைபோக்கியில் புகை தெரிந்தது. பாய்லர் ஓடிக்கொண்டிருந்தது.

வாசலில் ஸெலிக் நின்றிருந்தான், தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு. பஸ்ஸுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு இளைஞனை மறித்து ஏதோ கேட்டான். இளைஞன் தலையை ஆட்டிவிட்டுப் போனான். சிக்னலில் டாக்ஸி நின்றது. யோனா கண்ணாடியை இறக்கினான். குளிர்காற்று தாடையில் அறைந்தது.

ஸெலிக் திரும்பினான். பார்த்துவிட்டான். யோனா கதவுப் பிடியில் கையை வைத்தான். விமானத்துக்கு நேரம் இருந்தது என்று சொல்ல முடியாது. பத்து நிமிஷம் எடுக்கலாம் என்றும் தோன்றியது. உள்ளே எட்டுப் பேர் உட்கார்ந்திருப்பார்கள், ஸெலிக்கோடு ஒன்பது.

ஸெலிக் கையை வீசி, போ போ என்று காட்டினான். ஈயை விரட்டுகிற மாதிரி. பிறகு அவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, தெருவின் அந்தப் பக்கத்தில் யாராவது வருகிறார்களா என்று பார்க்க ஆரம்பித்தான்.